கீறல் போக வேண்டும், நீலம் போகக் கூடாது: பழைய ஏர் கன் வைத்திருப்பவர்களுக்கு

பெரியப்பா வால்பாறையில் எஸ்டேட் வேலையில் இருந்த காலத்தில் வாங்கிய டயானா 27 ஏர் ரைபிள், அவர் போன பிறகு எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தது. கோணிச் சாக்கில் சுற்றிக் கிடந்ததை இறக்கிப் பார்த்தபோது ஸ்பிரிங் இருக்கும் சிலிண்டரின் வலப்பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். மெலிந்த கோடுதான், ஆனால் கருநீலத்தின் நடுவே வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. அப்போது எனக்கு இந்த வேலை பற்றி ஒன்றும் தெரியாது. குத்துவிளக்கு துலக்க வைத்திருந்த பிராசோவையும் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் தேய்த்தேன். கீறல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு நீலம் போய் வெள்ளை இரும்பு தெரிந்தது.

முதல் முறை பழைய ஏர் கன்னைக் கையில் எடுப்பவர்கள் அந்தத் தவறைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பிறகு பல வருடம் பல துப்பாக்கிகளில் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டதில் முக்கியமானது ஒன்று உண்டு. நம் கண்ணை உறுத்துவது கீறலின் பள்ளம் இல்லை, அதன் வெள்ளை. பெரும்பாலான சிறு கீறல்களைச் சுரண்டி எடுக்கத் தேவையே இல்லை. அந்த வெள்ளைக் கோட்டைக் கறுக்க வைத்தால் போதும், ஒரு முழம் தள்ளிப் பார்க்கும்போது அது இருப்பதே தெரியாது.

நீலம் என்பது என்ன?

பெயின்ட் போல மேலே பூசியது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து, ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தொட்டியில் எஃகை முக்கி எடுத்தால் அதன் மேற்பரப்பே கறுத்த இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. வேதியியலில் இதற்கு மேக்னடைட் என்று பெயர். தோசைக்கல்லின் கறுப்பு எண்ணெய் கருகிக் கருகி மேலே ஏறியது. இதுவோ இரும்பே நிறம் மாறியது. தடிமன் ஒரு மைக்ரான் அளவுதான் இருக்கும். நம் தலைமுடி ஒன்றே ஐம்பது மைக்ரானுக்கு மேல். பிராசோவில் இருக்கும் நுண்தூளுக்கு ஒரு மைக்ரானைச் சுரண்ட எவ்வளவு நேரம் ஆகும்? எலுமிச்சம்பழம், வினிகர், புளி, துரு எடுக்கும் பெரும்பாலான திரவங்கள் எல்லாம் அமிலம். அவை தேய்க்காமலேயே நீலத்தைக் கரைத்துவிடும். கறைக்குப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பித்தளைக்கு அது சரி, இங்கே வேண்டாம்.

இந்தக் கொதிக்கும் உப்புத் தொட்டி வேலை வீட்டில் செய்யக் கூடியது அல்ல. மேலே தெறித்தால் தோலையும் கண்ணையும் அரித்துவிடும். நாம் செய்யப் போவது சிறு இடத்தில் மட்டும் ஒட்டுப்போடும் வேலை.

கையில் எடுத்தவுடன்

பரணிலிருந்து வந்த ஸ்பிரிங் ஏர் கன் வருடக்கணக்காக ஸ்பிரிங் ஏற்றிய நிலையிலேயே கிடந்திருக்கலாம். உள்ளே பெல்லட் என்ற சின்ன ஈயக் குண்டும் இருக்கலாம். குழலை மடக்கும் வகையாக இருந்தால், டிரிகரில் விரல் வைக்காமல் மெல்ல மடக்கிப் பார்த்து, பெல்லட் உட்காரும் இடத்தில் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஏற்றியிருக்கிறது என்று தெரிந்தால் குழலை நன்றாக மூடி, மணல் நிரப்பிய வாளிக்குள் வாயை நீட்டி ஒரு முறை டிரிகரை இழுத்துச் சுட்டுவிடுங்கள். குழல் மடங்கியிருக்கும்போது மட்டும் டிரிகரைத் தொடவே கூடாது. ஸ்பிரிங் விடுபட்டுக் குழல் படாரென்று மேலே வந்து மூடும். விரல் உடையும், குழலும் வளையும்.

அடுத்து, இரும்பு பாகத்தை மரக்கட்டையிலிருந்து பிரித்து எடுங்கள். டயானா 27, பிஎஸ்ஏ மீட்டியர் போன்ற பழைய ரைபிள்களில் கட்டையின் முன்பக்கம் இருபுறமும் ஒவ்வொரு திருகும் டிரிகரைச் சுற்றிய வளையமான டிரிகர் கார்டு பக்கம் திருகும் இருக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிலிண்டரின் பின்மூடியைக் கழற்றப் போனால் அழுத்தி வைத்த ஸ்பிரிங் முகத்தில் வந்து அடிக்கும், அதற்கென்று பிடிப்பான் இல்லாமல் தொடக் கூடாது. கீறல் வேலைக்கு அது தேவையும் இல்லை. திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியைத் தேடிப் பிடியுங்கள். சின்னத் திருப்புளி வழுக்கித்தான் பாதிக் கீறல்கள் விழுகின்றன.

காந்தம் வைத்துப் பாருங்கள்

ஒரு சிறு காந்தத்தை ஒவ்வொரு பாகமாக வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. டிரிகர் கார்டு, பின்மூடி, குறி பார்க்கும் சைட் ஆகியவற்றில் பல இடங்களில் ஒட்டாது. அவை அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவையில் வார்த்தவை, மேலே கறுப்பு பெயின்ட். வெப்லி டெம்பஸ்ட் கைத்துப்பாக்கியின் உடல் கலவை உலோகத்தில் வார்த்து பெயின்ட் அடித்தது. எஃகுக்கான திரவத்தை அதில் தடவினால் கறை படிந்து அசிங்கமாகும். அங்கே கீறலுக்குத் தேவை, மெல்லிய தூரிகையும் மங்கலான கறுப்பு எனாமல் பெயின்டும்தான். அலுமினியத்தைக் கறுக்க வைக்கத் தனித் திரவம் உண்டு.

வெள்ளிபோல் மின்னும் நிக்கல் முலாம் இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். மென்மையான துணியும் கொஞ்சம் மெழுகும் போதும். அம்மோனியா கலந்த பாலிஷ் முலாமின் விரிசல் வழியே இறங்கி அடியில் உள்ள செம்பு அடுக்கை அரித்து, கடைசியில் நிக்கல் செதில் செதிலாக உரியும்.

அது கீறலா, தடமா?

புதியவர்கள் தவறவிடும் இடம் இது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில், ஜன்னல் ஓரம், துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து அந்தக் கோட்டைப் பாருங்கள். நீலத்தின் மேலே ஏதோ ஒட்டியிருப்பது போல் தெரிகிறதா, அல்லது நீலம் கிழிந்து உள்ளே இரும்பு தெரிகிறதா? பெல்ட் பக்கிள், அலுமினியப் பாத்திரம், பித்தளைத் தாழ்ப்பாள் போன்றவை எஃகைவிட மிருதுவானவை. அவை உரசும்போது பெரும்பாலும் எஃகு கீறப்படுவதில்லை. சிலேட்டில் பலப்பம் தேய்வது போல அவைதான் தேய்ந்து அதன் மேல் ஒட்டிக்கொள்கின்றன. இதைத்தான் தடம் என்கிறேன், பார்க்க அசல் கீறல் மாதிரியே இருக்கும்.

பிறகு நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெல்ல இழுங்கள். நகம் தடுக்காவிட்டால் அது தடம் அல்லது மேலோட்டமான கீறல். தடுக்கினால் ஆழமானது.

இன்னொன்றும் உண்டு: தேய்மானம். மெரினாவில் பலூன் சுடும் கடைகளில் இருக்கும் ஏர் ரைபிள்களைக் கவனித்திருக்கிறீர்களா? குழலின் முனையில், ஒவ்வொரு முறையும் மடக்குவதற்குக் கை பிடிக்கும் அந்த ஒரு சாண் இடம் நீலமே இல்லாமல் வெள்ளி போல் வழவழவென்று இருக்கும். உழைத்து வந்த வெளுப்பு அது, படிப்படியாக மங்கி நீலத்தோடு கலந்து நிற்கும். என் அபிப்பிராயம், அதைத் தொடக் கூடாது. பழைய ஏர் கன் சேகரிப்பவர்களும் அதைத்தான் விரும்புவார்கள்.

முதலில் எண்ணெயும் 0000 ஸ்டீல் வுல்லும்

ஸ்டீல் வுல் என்றால் பாத்திரக்கடை நார் கிடையாது. அது சுருள் சுருளாகத் தட்டையான கம்பி, ஓரம் கத்தி போல் இருக்கும். என் பெரியப்பாவின் துப்பாக்கியை வெளுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. நமக்கு வேண்டியது 0000 என்று நான்கு சைபர் போட்ட மிக மெல்லிய ரகம். விரலால் தொட்டால் பஞ்சு போல் இருக்கும். மர பாலிஷ் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இணையத்திலும் கிடைக்கும்.

தையல் மெஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். சுண்டைக்காய் அளவு ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து, குழலின் நீளவாக்கில், முட்டையைப் பிடிக்கும் பலத்தில் தேயுங்கள். பத்து இழுப்பு, துணியால் துடைப்பு, லென்ஸில் ஒரு பார்வை. மறுபடி பத்து இழுப்பு. ஒட்டிய தடமாக இருந்தால் இரண்டு மூன்று சுற்றில் காணாமல் போகும், அடியில் நீலம் முழுசாக இருக்கும். மேலோட்டமான செந்துருப் புள்ளிகளும் இதிலேயே போய்விடும். துணியில் பழுப்பு நிறம் வந்தால் துரு வருகிறது என்று அர்த்தம். கறுப்பாக வர ஆரம்பித்தால் கையை எடுத்துவிடுங்கள், நீலம் வரத் தொடங்கியிருக்கலாம்.

கீறல் என்று வந்தவற்றில் பல இந்த இடத்திலேயே முடிந்துவிடும். மிச்சம் இருப்பவைதான் நிஜக் கீறல்.

கோட்டை மட்டும் கறுக்க வைப்பது

இதற்குத் தேவை கோல்டு புளூ (cold blue) என்ற திரவம். பர்ச்வுட் கேசி நிறுவனத்தின் பெர்மா புளூ, சூப்பர் புளூ ஆகியவை பெயர் பெற்றவை. இதில் இருப்பது செலினியம் அமிலமும் செம்பு உப்பும். வெற்று எஃகில் பட்டதும் செம்பும் செலினியமும் சேர்ந்த கறுப்புப் படலம் படியும். தொழிற்சாலை நீலத்தின் உறுதி இதற்குக் கிடையாது, நிறமும் கொஞ்சம் சாம்பல் பக்கம் சாயும். அதனால்தான் பெரிய பரப்புக்கு இதை நம்பக் கூடாது. மெல்லிய கோட்டுக்கு இதைவிட நல்லது இல்லை.

செலினியம் விஷம். நைட்ரைல் கையுறை போட்டு, மொட்டை மாடியிலோ காற்றோட்டமான திண்ணையிலோ செய்யுங்கள். சமையலறைப் பக்கம் வேண்டாம். திரவம் ஊற்றிய மூடி, கிண்ணம் எதுவும் மறுபடி சாப்பாட்டு உபயோகத்துக்குப் போகக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கை முழுசாக எடுக்க வேண்டும். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். சுத்தமான வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடையுங்கள். துணியை மாற்றி மறுபடி துடையுங்கள். துணியில் எந்த நிறமும் வராமல் போகும் வரை இதுதான் வேலை. நகப்பூச்சு அழிக்கும் திரவம் போதாதா என்று கேட்பார்கள். அதில் நிறமும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், வேண்டாம். மலிவான தின்னரும் பிசுக்கு விடும். அசிட்டோன் மர வார்னிஷையும் காற்றுக் கசியாமல் அடைக்கும் பழைய சீல்களையும் கெடுக்கும் என்பதால் கீறலைச் சுற்றிய இடத்தோடு நிறுத்துங்கள். துடைத்த பிறகு வெறும் விரல் படக் கூடாது. ஒரு கைரேகை போதும், அந்த இடத்தில் கறுப்பு பிடிக்காது.

நேராகத் துப்பாக்கியில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு பழைய போல்ட்டை உப்புத்தாளில் தேய்த்து, வேண்டுமென்றே கீறி, அதில் இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். கை பழகும், உங்கள் பாட்டில் திரவம் எவ்வளவு வேகத்தில் கறுக்கிறது என்பதும் தெரியும்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். கீறல் உள்ள இடத்தை ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். சித்திரை வெயிலில் கால் மணி நேரம் வைத்தாலும் போதும். சூடான இரும்பில் நிறம் ஆழமாகப் பிடிக்கும். பாட்டிலுக்குள் குச்சியை விடாமல், நாலு சொட்டு தனி மூடியில் ஊற்றுங்கள். பாட்டிலில் அழுக்கு இறங்கினால் முழுத் திரவமும் வீணாகும். பல் குத்தும் குச்சியின் முனையைக் கொஞ்சம் மென்மையாக நசுக்கி, அதில் தொட்டு, கோட்டின் உள்ளே மட்டும் இழுங்கள். கண் முன்னாலேயே வெள்ளை சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகும். வெளியே வழிந்ததை உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒரு நிமிடம் விட்டு, ஈரப்பஞ்சால் கழுவி, உலர்த்துங்கள். எண்ணெய் இல்லாத 0000 ஸ்டீல் வுல்லால் இரண்டே இரண்டு இழுப்பு, தளர்வாகப் படிந்த தூள் போகும் அளவுக்கு மட்டும். கடையிலிருந்து வரும் புது ஸ்டீல் வுல்லில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், அதையும் முதலில் அசிட்டோனில் அலசிக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி திரவம். மூன்றிலிருந்து ஐந்து முறை போனால் சுற்றியுள்ள நிறத்தை எட்டிப் பிடிக்கும். ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் பழுப்புக் கறைதான் மிஞ்சும்.

நகம் தடுக்கும் கீறல்

ஆழமான கீறலையும் மேலே சொன்னபடி கறுக்க வைத்து விட்டுவிடலாம். நானாக இருந்தால் பெரும்பாலும் அதைத்தான் செய்வேன். பள்ளத்தின் ஓரம் மேடாகப் பிதுங்கிக் கையில் தட்டுப்பட்டால் மட்டும் உப்புத்தாள். பெயின்டர்கள் உபயோகிக்கும் வாட்டர் பேப்பர்தான், 800, 1200 நம்பர்களில். கீறலின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி நல்ல நீலத்தை மூடிவிடுங்கள். பள்ளிக்கூட அழிரப்பரைச் சிறு துண்டாக நறுக்கி, அதன் மேல் பேப்பரைச் சுற்றி, எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் குழிவிழும். பிறகு வெளிச்சம் பட்டதும் அந்த இடம் மட்டும் அலையாகத் தெரியும்.

தேய்க்கும் திசையைத் தொழிற்சாலையில் எப்படித் தேய்த்தார்களோ அப்படியே வையுங்கள். லென்ஸில் பார்த்தால் நீலத்துக்கு அடியில் மெல்லிய வரிகள் தெரியும். குழலில் நீளவாக்கில் ஓடுகிறதா, குறுக்கே சுற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். 2000 நம்பர் வரை போய்க் கண்ணாடி போல் ஆக்க வேண்டும் என்ற ஆசை வரும். அப்படி ஆக்கினால் ஒட்டுப்போட்ட இடம் தனியாக மின்னிக் காட்டிக்கொடுக்கும். பள்ளம் முழுசாகச் சமமாகும் வரை தேய்க்கவும் வேண்டாம், மேடு அடங்கினால் போதும். அதன் பின் பிசுக்கு எடுத்து, இந்த முறை காது குடையும் பஞ்சுக் குச்சியால் திரவம் தடவுங்கள். ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய்ப் பழைய நீலத்தோடு கலக்க விடுங்கள்.

பெயர், மாடல், நம்பர் பொறித்த இடத்தில் கீறல் இருந்தால் உப்புத்தாளே வேண்டாம். 1948இல் வந்த பிஎஸ்ஏ ஏர்ஸ்போர்ட்டரோ 1959இல் வந்த மீட்டியரோ, அது எந்தக் காலத்துத் துப்பாக்கி என்று பிற்பாடு தெரிந்துகொள்ள அந்த எழுத்தும் நம்பரும்தான் ஆதாரம். அவை மங்கினால் துப்பாக்கியின் மதிப்பும் மங்கும். நம்பரை அழித்த துப்பாக்கி என்ற சந்தேகமும் தேவையில்லாமல் வரும்.

முடித்த பிறகு

கோல்டு புளூவில் அமிலம் இருக்கிறது. அப்படியே விட்டால் இரண்டே நாளில் ஒட்டுப்போட்ட இடத்தில் செந்துரு பூக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து, பஞ்சில் தொட்டு அந்த இடத்தை ஒற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீர்ப் பஞ்சு, பிறகு ஹேர் டிரையர். இடுக்கில் ஈரம் இல்லை என்று தெரிந்ததும் எண்ணெயைத் தாராளமாகத் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். புதிதாகப் படிந்த கறுப்பு அந்த நேரத்தில் எண்ணெயை இழுத்துக்கொண்டு இன்னும் ஆழமான நிறத்துக்கு வரும். காலையில் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

எண்ணெய் வெளிப்பக்கத்துக்கு மட்டும். குழலின் பின்பக்கம், காற்று வரும் சிறு துளைக்குள் எண்ணெய் இறங்கிவிடாமல் ஒரு துண்டுத் துணியால் அடைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். உள்ளே இறங்கிய எண்ணெய், சுடும்போது பிஸ்டன் அழுத்தும் காற்றின் சூட்டில் டீசல் இன்ஜின் போல் தீப்பிடித்து வெடிக்கும். ஸ்பிரிங்கையும் சீலையும் அது சீக்கிரம் தின்றுவிடும். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கமும் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடித்துவிடும்.

அடுத்த ஒரு வாரம் தினமும் ஒரு முறை அந்த இடத்தைப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் சோடாத் தண்ணீரும் எண்ணெயும் மறுபடி. ஒரு வாரம் அடங்கி இருந்தால் மேலே மெல்லிய மெழுகு தேய்த்துவிடலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களுக்காக உருவாக்கிய ரெனேசான்ஸ் வேக்ஸ் இதற்குப் பெயர் போனது, ஆனால் விலை அதிகம். உராய்வுத் தூள் கலக்காத கார் மெழுகும் நன்றாகவே வேலை செய்கிறது. மெழுகு பூசிய இரும்பில் கைவியர்வை சீக்கிரம் ஏறாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் கைரேகை துருவாக மாற ஒரே இரவு போதும் என்பதால் சொல்கிறேன்.

திரும்பச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிடாதீர்கள். சாக்கும் ஸ்பாஞ்ச் வைத்த ரெக்சின் உறையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோல் உறையில் பதனிட்ட உப்பு மிச்சம் இருக்கும். பெரியப்பாவின் டயானா இப்போது பீரோவுக்குள் நிற்கிறது. பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை ஆரம்பித்தால் பதினைந்து நாளைக்கு ஒரு முறை எடுத்துத் துடைக்கிறேன். அன்று நான் வெளுத்த உள்ளங்கை அகல இடம் வெயிலில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் சாம்பலாகத் தெரிகிறது. அதற்கு மேலே ஓடும் அந்தச் சுண்டுவிரல் நீளக் கீறலைத்தான் லென்ஸ் இல்லாமல் என்னால் கண்டுபிடிக்க முடிவதில்லை.